கிளிக்கு ஒரு கடவுச்சீட்டு

மூன்றாம் ஆண்டு, இளங்கலை விலங்கியல்

ஆண்டு மலருக்குக் கிளியைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "இலக்கியத்தில் கிளியா, திரைப்படப் பாட்டில் கிளியா?" என்று கேட்டான் விடுதி நண்பன். இரண்டும் இல்லை. நான் எழுதப் போவது சட்டப் புத்தகத்தில் இருக்கும் கிளியைப் பற்றி. அங்கே கிளி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. மதுரை மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறது. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கைக்கு நாள்தோறும் மாதுளம்பூவை அலகாக வைத்துப் புதுக் கிளி கட்டித் தருகிறார்கள். கோவில் கோபுரப் பொந்துகளில் மாலை நேரத்தில் கிளிகள் எழுப்பும் கூச்சல் நாதசுரத்தையே அமுக்கிவிடும். இப்படி நம்மோடு ஒட்டி வாழும் பறவையைக் கூண்டில் வைத்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோக யாரிடம், என்ன அனுமதி வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி 2024-ஆம் ஆண்டின் கோடை விடுமுறை முழுவதும் அலைந்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

கிளியின் பெயர் அஞ்சுகம். பெயர் வைத்தவர் என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். கிளி என்று பச்சையாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. கிள்ளை, தத்தை, அஞ்சுகம் என்று மூன்று பெயர்களைச் சொல்லி, அம்மாச்சியிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாராம். "வாய்ல நுழையறதா ஒண்ணு வையுங்க" என்று அம்மாச்சி சொல்ல, அஞ்சுகம் நிலைத்தது. மூன்றாம் ஆண்டில் அதன் கழுத்தைச் சுற்றிக் கருப்பும் ரோசாவும் கலந்த வளையம் தோன்றியது. வளர்ந்த ஆண் கிளிக்கு மட்டுமே அந்த வளையம் வரும். அஞ்சுகம் ஆண்பிள்ளை! ஆனாலும் பெயரை யாரும் மாற்றவில்லை.

அது எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் போன இடங்களிலெல்லாம் அந்தக் கதையைத்தான் கேட்டார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கசா புயல் கரையைக் கடந்தது. டெல்டாக்காரர்களுக்கு அந்த இரவை விவரிக்கத் தேவையில்லை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பொழுது விடிந்து பார்த்தால் தோப்பில் தென்னைகள் வரிசை வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. விழுந்த மரத்தின் மட்டைகளுக்கிடையே நனைந்த பச்சைத் துணிபோல் ஒன்று கிடந்ததைத் தாத்தா எடுத்து வந்தார். அந்த ஆண்டுக் குஞ்சு; இடது இறக்கை முறிந்திருந்தது. தென்னை ஈர்க்கை நறுக்கி வைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டுப் போட்டார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதன்பின் அஞ்சுகத்தால் கூண்டின் மேல்கம்பியிலிருந்து கீழ்க்கம்பிக்குத் தத்தத்தான் முடிந்தது. பறக்க முடியவில்லை.

பேசக் கற்றுக்கொண்டது. யாராவது வாசல் படியேறினால், "யாரது? உள்ள வாங்க" என்று கேட்கும். தாத்தா கேட்பது போலவே, அதே அடித்தொண்டையில், கடைசியில் அதே இழுப்போடு. 2021-இல் தாத்தா மறைந்தார். கிளியின் குரல் மாறவில்லை. தனியாக இருந்த அம்மாச்சிக்கு அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

மெல்போர்னில் இருக்கும் மாமாதான் அம்மாச்சிக்கு ஒரே மகன். 2024-இல் விசா கிடைத்ததும் அம்மாச்சியைத் தன்னோடு அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு முடிவாயிற்று. "நான் வர்றேன். அஞ்சுகமும் வரும்" என்று அம்மாச்சி ஒரே நிபந்தனை போட்டார். மாமா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "மாப்ள, நீதானே விலங்கியல் படிக்கிறே. கிளியைக் கொண்டுவர என்னென்ன பேப்பர் வேணும்னு விசாரி. செலவைப் பத்திக் கவலைப்படாதே." கரப்பான் பூச்சியின் செரிமான மண்டலத்தை வரைந்துகொண்டிருந்தவனுக்கு இப்படி ஒரு பதவி உயர்வு!

முதலில் போனது கால்நடை மருத்துவரிடம். விலங்கோ பறவையோ நாடு விட்டு நாடு போக வேண்டுமானால் என்ன தேவை என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். அனுப்பும் நாடு சம்மதிக்க வேண்டும், வாங்கிக்கொள்ளும் நாடும் சம்மதிக்க வேண்டும். நோயில்லை என்ற மருத்துவச் சான்று வேண்டும். அதை வைத்துக்கொண்டு மைய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் ஏற்றுமதிக்கான சான்றிதழ் பெற வேண்டும். நமக்கு அருகிலுள்ளது சென்னைப் பள்ளிக்கரணையில். பறவை என்றால் பறவைக் காய்ச்சல் அச்சம் இருப்பதால் சோதனையும் தனிமை வாசமும் கூடுதல். இவை தவிர விமானத்தில் உயிர்களை ஏற்றுவதற்கென்று உலக விமான நிறுவனங்களின் சங்கம் விதிகள் வைத்திருக்கிறது. கூண்டின் அளவு, காற்றுத்துளை, உட்காரும் கம்பி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. ரயிலில் இரண்டாம் வகுப்புக்கு இவ்வளவு விதிகள் இருந்தால் நாம் சுகமாகப் பயணம் செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது.

"இதெல்லாம் பிறகு," என்றார் மருத்துவர். "இந்தக் கிளி உங்க கைக்கு எப்படி வந்தது? அதுக்குக் காகிதம் இருக்கா?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. பறவைக்குத் தரும் பயண அனுமதி என்பது போகும் இடத்தைப் பற்றியது என்றுதான் நாம் நினைப்போம். அதிகாரிகள் முதலில் பார்ப்பது வந்த இடத்தைத்தான். கூண்டில் பொரித்த குஞ்சு என்றால் வளர்த்தவர் கொடுத்த சான்று இருக்கும், விற்றவர் கொடுத்த ரசீது இருக்கும், காலில் எண் பொறித்த வளையம் இருக்கும். அந்த வளையத்தைக் குஞ்சு பிறந்த சில நாட்களுக்குள் போட்டால்தான் கால் வழியே நுழையும். வளர்ந்த பறவைக்குப் போட முடியாது. ஆகவே அதைப் பார்த்தாலே இது காட்டில் பிடித்ததல்ல என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். "வளையம்தானே? நம்ம ஆசாரிகிட்டச் சொல்லி வெள்ளியிலேயே செஞ்சு போட்டுடுவோம்" என்றார் அம்மாச்சி.

அடுத்து வனச்சரக அலுவலகம். கிளியைக் கொண்டுபோகவில்லை, கேள்வியை மட்டும் கொண்டுபோனேன். அங்கிருந்த அலுவலர் நம் கல்லூரியின் பழைய மாணவராம்; நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தம்பி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேக்கறீங்க. உள்நாட்டுல வச்சிருக்க அனுமதி இருக்கா?" என்றார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்தார்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். புலி, யானைகளுக்கான சட்டம் என்றுதான் நாம் பரீட்சைக்குப் படிக்கிறோம். நம் வீட்டு முருங்கை மரத்தில் வந்து உட்காரும் பச்சைக்கிளியும் அதில் இருக்கிறது. முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, ஆறு அட்டவணைகளை நான்காகச் சுருக்கினார்கள். 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்துக்குப் பின் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் நிற்கிறது. அதைப் பிடிப்பதும், கண்ணி வைப்பதும், கூட்டிலிருந்து முட்டையை எடுப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். துப்பாக்கி வேண்டியதில்லை, ஏணி போதும். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதம் திருத்தத்துக்கு முன் இருபத்தைந்தாயிரமாக இருந்தது.

"நாங்க பிடிக்கலை ஐயா. புயல்ல அடிபட்டுக் கிடந்துச்சு" என்றேன்.

அவர் 39-ஆம் பிரிவைத் திருப்பினார். சட்டத்துக்கு மாறாகப் பிடிக்கப்பட்ட அல்லது வைத்திருக்கப்படும் காட்டு உயிர் அரசின் சொத்து. அப்படிப்பட்ட உயிர் எவ்வழியிலேனும் ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரம்! கசா அடித்து நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கே பாதை திறக்கவில்லை. மின்சாரம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. காவல் நிலையக் கூரையே பறந்திருந்த நேரத்தில் தாத்தா போய், "ஐயா, ஒரு கிளி கிடைத்தது" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டு அனுப்பியிருப்பார்கள். இதை அலுவலரிடமும் சொன்னேன். சிரித்தார். ஆனால் புத்தகத்தை மூடவில்லை.

ஏற்றுமதியைப் பற்றியும் அவரே சொன்னார். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து பறவைகள் பெட்டி பெட்டியாக வெளிநாடுகளுக்குப் போயின. கிளிகளும் முனியாக் குருவிகளும் பெரும் வணிகப் பொருள்களாக இருந்தன. 1990-91-இல் உள்நாட்டு இனப் பறவைகளின் வணிகமும் ஏற்றுமதியும் அடியோடு தடை செய்யப்பட்டன. இன்றும் வெளிநாட்டு வணிகக் கொள்கையில் காட்டு உயிர்களின் ஏற்றுமதி தடைப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆராய்ச்சி, உயிரியல் பூங்காக்களுக்கிடையே பரிமாற்றம் போன்ற காரணங்களுக்கு மைய அரசின் ஒப்புதலோடு சிறு வழி உண்டு. 'அம்மாச்சி பிரிய மாட்டேன் என்கிறார்' என்பது அந்தக் காரணங்களில் இல்லை. ஆகவே வாங்க வேண்டிய அனுமதி கடினமானது என்றோ செலவு மிகுந்தது என்றோ சொல்ல முடியாது. அப்படி ஓர் அனுமதியே கிடையாது. வைத்திருக்க உரிமையில்லாத ஒன்றை எடுத்துச் செல்ல எந்த அலுவலகம் முத்திரை குத்தும்?

மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை. இரவெல்லாம் படித்து, மறுநாள் உற்சாகமாகக் கூப்பிட்டார். உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. 1973-இல் வாசிங்டனில் கையெழுத்தாகி, 1975-இல் நடைமுறைக்கு வந்தது, 'சைட்டிஸ்' என்பார்கள். இந்தியா 1976-இல் அதில் சேர்ந்தது. உலகத்தின் கிளி இனங்கள் ஏறக்குறைய எல்லாமே அதன் பட்டியல்களில் இருக்கின்றன. விட்டு வைத்தவை நான்கே நான்கு. ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர், காக்கடீல், ஆப்பிரிக்காவின் ரோசாமுக லவ் பேர்டு, நான்காவது நம் பச்சைக்கிளி! "பாத்தியா மாப்ள, உலகமே நம்ம கிளியை விட்டுடுச்சு" என்றார் மாமா. உலகம் விட்டாலும் ஊர் விடவில்லை. எந்த நாடும் தன் எல்லைக்குள் இன்னும் கடுமையான சட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா வைத்திருக்கிறது.

இந்தியா விட்டாலும் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தால்தானே? ஆஸ்திரேலியா நோய்க்கு அஞ்சும் நாடு. வளர்ப்புப் பறவையை வெளியிலிருந்து கொண்டுவர அவர்கள் அனுமதிப்பது நியூசிலாந்து ஒன்றிலிருந்துதான். அதிலும் சில இனங்களை மட்டுமே. பட்டுக்கோட்டையிலிருந்து வருவதற்கு அங்கே விண்ணப்பப் படிவமே இல்லை. ஆக, புறப்படும் வாசலிலும் பூட்டு, போய்ச் சேரும் வாசலிலும் பூட்டு.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊர்ச் சந்தைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சோடி சோடியாக விற்கிறார்களே, அது உண்மையில் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் காட்டுப் பறவை. 1840-இல் பறவை நூலறிஞர் ஜான் கூல்டு அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து உலகத்தின் கூண்டுகளிலெல்லாம் பரவியது. அவர்கள் நாட்டுப் பறவை நம் வீட்டுத் திண்ணையில் சட்டத்துக்கு உட்பட்டுத் தொங்குகிறது. நம் நாட்டுக் கிளியோ மெல்போர்ன் கடைகளில் சட்டத்துக்கு உட்பட்டு விலைக்குக் கிடைக்கிறது! என்றோ போன கிளிகளின் வழித்தோன்றல்கள். கூண்டிலேயே பொரித்து வளர்த்தவை. பச்சை மட்டுமல்ல, நீலமும் மஞ்சளும்கூட உண்டாம். மாமா படம் பிடித்து அனுப்பினார். "அம்மா, இதே கிளி இங்க வாங்கித் தர்றேன்." அம்மாச்சி அந்த நீலக் கிளியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்குத் தமிழ் தெரியுமாடா?" என்று கேட்டார். மாமாவுக்குப் பதில் இல்லை.

இலண்டனில் இன்னும் வேடிக்கை. அங்கே பூங்கா மரங்களில் நம் பச்சைக்கிளிகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. கூண்டிலிருந்து தப்பியவற்றின் சந்ததி. 1969-இல் கென்ட் பகுதியில் கூடு கட்டியதாகப் பதிவு இருக்கிறது. பனியையும் தாங்கிக்கொண்டு பெருகிவிட்டன. அவற்றிடம் யாரும் கடவுச்சீட்டு கேட்கவில்லை.

அவை நம்மைச் சிரிக்கவைக்கும் முரண்கள். சிரிக்க முடியாத முரண் எங்கள் தெருவிலேயே இருந்தது. வசதியான ஒருவர் வீட்டில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று உண்டு. அது உலக உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பில் உள்ள இனம். 2016 மாநாட்டில் அங்கே ஏற்றினார்கள். ஆனால் இந்தியாவில் அதை வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ளலாம். 2024 பிப்ரவரியில் அதற்கென்றே விதிகள் வந்தன. ஆறு மாதத்துக்குள் அரசின் கணினித் தளத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். அவரும் செய்தார். அயல்நாட்டுக் கிளி பதிவேட்டில் ஏறிவிட்டது; அஞ்சுகம் ஏற முடியாது. "வெளிநாட்டுச் சரக்குன்னாத்தான் மதிப்பு" என்று அப்பா கசப்போடு சொன்னார். எனக்கும் அன்று அப்படித்தான் பட்டது.

ஆனால் நான் விலங்கியல் மாணவன். கோபம் தணிந்தபின் ஒரு கேள்வி எழுந்தது. பச்சைக்கிளியையும் அப்படிப் பதிவு செய்ய விட்டால் என்ன ஆகும்? சாம்பல் கிளி நம் காட்டில் இல்லை. அதைப் பதிவு செய்வதால் எங்கள் தோப்பில் யாரும் மரம் ஏறப் போவதில்லை. பச்சைக்கிளி அப்படியா? தைக்கும் சித்திரைக்கும் இடையில் மொட்டைப் பனைகளின் பொந்துகளில் கிளி முட்டையிடும். குஞ்சு கண் திறக்கும் முன்பே சிறுவர்களை ஏற்றிவிட்டு எடுத்துவரச் செய்பவர்களை எங்கள் பக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன். இறகு முளைக்காத குஞ்சுகளைக் கூடையில் குவித்துத் துணி போட்டு மூடிப் பேருந்தில் கொண்டுபோவார்கள். சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை சாகும் என்று அவர்கள் கணக்கு வைப்பதில்லை. குஞ்சை எடுக்கும்போது பொந்தை வெட்டி அகலப்படுத்துவதால் அடுத்த ஆண்டு கூடு கட்ட இடமும் போய்விடும். 'வளர்ப்புக் கிளி' என்று எழுதிக் கொடுத்தால் சான்று கிடைக்கும் என்று வந்துவிட்டால், ஒவ்வொரு காட்டுக் குஞ்சும் மறுநாளே வளர்ப்புக் கிளியாகிவிடும். பச்சை நிறத்தில் வேறுபாடு தெரியுமா என்ன?

ஆஸ்திரேலியாவில் இதற்கு மாற்றுவழி வைத்திருக்கிறார்கள். நாட்டுப் பறவைகளின் வணிக ஏற்றுமதியை 1960 வாக்கிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் காலா, வெள்ளைக் கொண்டைக்கிளி போன்ற சில இனங்கள் வீட்டு வளர்ப்புப் பறவைகளின் பட்டியலில் இருப்பதால், குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே அது நடக்கிறதென்றால், கூண்டில் பொரித்ததையும் காட்டில் எடுத்ததையும் பிரித்துக் காட்டும் ஒரு முறை இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. நமக்கு அப்படி ஒன்று இல்லை. இல்லாதபோது கதவை முழுதாகச் சாத்தி வைப்பதுதான் கிளிக்கு நல்லது என்ற முடிவுக்கு வந்தேன். அது அஞ்சுகத்துக்கு நல்லதா என்று கேட்டால், அன்றும் பதில் சொல்லத் தெரியவில்லை; இன்றும் தெரியவில்லை.

இப்போது வீட்டில் பெரிய சிக்கல். அழைத்துப் போக முடியாது என்பது தெரிந்துவிட்டது. வைத்துக்கொள்ளவும் கூடாது என்பதும் அதே மூச்சில் தெரிந்துவிட்டது. அம்மாச்சி போனபின் அஞ்சுகத்தை எங்கள் வீட்டில் வளர்ப்பது என்றுதான் அம்மா நினைத்திருந்தார். அப்பா அரசு ஊழியர். சென்னையில் 2023-இல் திரைப்பட நடிகர் ஒருவர் வீட்டிலிருந்த இரண்டு பெரிய கிளிகளை வனத்துறை எடுத்துப்போய், அவருக்கு இரண்டரை லட்ச ரூபாய் அபராதம் விதித்த செய்தியை அப்பா மறக்கவில்லை. 2024 தேர்தல் நேரத்தில் கடலூர்ப் பக்கம் வேட்பாளருக்குச் சோதிடம் சொன்ன கிளிச் சோதிடரின் கிளிகளைக் கைப்பற்றிய செய்தியும் புதிதாக இருந்தது. "யாருக்கும் சொல்லாம வச்சுக்கலாமே" என்றார் அம்மா. "வாசல்ல ஆள் வந்தா 'யாரது, உள்ள வாங்க'ன்னு அதுவே கூப்பிடுமே, எப்படி மறைப்பே?" என்றார் அப்பா. சண்டைக்கு நடுவிலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். அம்மாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

பறக்க விட்டுவிடலாம் என்று பக்கத்து வீட்டார் யோசனை சொன்னார்கள். பறக்கத் தெரியாததைப் பறக்க விடுவது எப்படி? பூனைக்குப் பரிமாறுவதற்குச் சமம். ஆறு ஆண்டு கைத்தீனி தின்ற கிளி மரத்தில் இரை தேடுமா என்பதும் ஐயம்தான்.

கடைசியில் முடிவு சொன்னவர் அம்மாச்சியே. சூலை மாதம் ஒரு மாலை, விளக்கேற்றிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "தம்பி, அந்த ஆபீசர்கிட்டக் கொண்டுபோய்க் கொடுத்தா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். வைத்தியம் பார்ப்பார்கள், பறக்க முடியாது என்று தெரிந்தால் விடாமல் தாங்களே பராமரிப்பார்கள், மற்றக் கிளிகளோடு பெரிய கூண்டில் இருக்கும் என்று அலுவலர் சொன்னதைச் சொன்னேன். நாமாகவே கொண்டுபோய் ஒப்படைத்தால் வழக்கு வராது என்று அவர் கூறியதையும் சொன்னேன். "மத்தக் கிளியோடயா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்க தாத்தா இருந்திருந்தா இத்தனை நாள் வச்சிருக்க மாட்டார். சட்டம்னா அவருக்குப் பயம்" என்றார். எனக்குத் தெரிந்த வரையில் தாத்தா எந்தச் சட்டத்துக்கும் பயந்தவர் அல்லர். ஆனால் நான் மறுத்துப் பேசவில்லை.

ஒப்படைத்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வாடகைக் கார் பிடித்தார். அம்மாச்சி மடியில் கூண்டு. வழியெல்லாம் கோவைப்பழம் ஊட்டிக்கொண்டே வந்தார். அலுவலகப் படியில் ஏறும்போது அஞ்சுகம் வழக்கத்துக்கு மாறாக, "யாரது?" என்று உள்ளே இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டது. எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். கால்நடை மருத்துவர் இறக்கையைத் தடவிப் பார்த்து, "யார் கட்டுப் போட்டது? நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றார். அம்மாச்சி முகத்தில் அன்று வந்த ஒரே வெளிச்சம் அதுதான்.

புறப்படும்போது கூண்டின் அடித்தட்டில் கிடந்த நீண்ட வால் இறகு ஒன்றை அம்மாச்சி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். கார் வரை வந்தபின்தான் நான் பார்த்தேன். சட்டத்தில் இறகுக்கும் இடம் இருக்கிறது. கொம்பு, பல், நகம் என்று அடுக்கும் அந்த வரிசையில் இறகு என்ற சொல்லும் உண்டு. மெல்போர்னில் இறங்கும்போது நிரப்பித் தரும் அட்டையிலும் விலங்கு, பறவைப் பொருள்கள் இருக்கின்றனவா என்று கேட்பார்கள், மறைத்தால் அபராதம். இதையெல்லாம் நான் அந்த இடத்தில் எப்படிச் சொன்னேனோ தெரியாது, சொன்னேன். அம்மாச்சி முடிச்சை அவிழ்த்து இறகை ஒருமுறை கன்னத்தில் வைத்துக்கொண்டு, "கொண்டுபோய் அதுகிட்டயே கொடுத்துட்டு வா" என்றார். மறுபடியும் படியேறி அலுவலரிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, மேசை மேலிருந்த பேனாக் கிண்ணத்தில் செருகினார்.

ஒப்புகைச் சீட்டு ஒன்று தந்தார்கள். 'பச்சைக்கிளி (ஆண்) – 1. இடது இறக்கை ஊனம். கம்பிக் கூண்டு – 1' என்று எழுதி, தேதியிட்டு, வட்ட முத்திரை குத்தியிருந்தது. அஞ்சுகத்துக்கு அரசாங்கத்தில் கிடைத்த ஒரே காகிதம் அது. ஆகஸ்டில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக அம்மாச்சி விமானம் ஏறியபோது, அந்தச் சீட்டு அவருடைய கடவுச்சீட்டின் உறைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மெல்போர்ன் விமான நிலையத்தில் அதிகாரி அதை விரித்துப் பார்த்து, தமிழில் இருந்ததால் என்னவென்று கேட்டாராம். மாமா வெளியே காத்திருந்தார். உள்ளே மொழிபெயர்க்க ஆளில்லை. "பேர்டு. இந்தியா. நோ கம்" என்று அம்மாச்சி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாராம். அதிகாரி சீட்டைப் பழையபடி மடித்துக் கொடுத்துவிட்டார்.